வாசற்படியில் நின்ற சகோதரி



சபை ஆராதனையில் ஒழுங்கும் பயபக்தியும் குறைந்துவருகின்றன என்று இந்நாட்களில் விசுவாசிகள் பலர் வருத்தத்தோடு சொல்லக் கேட்கிறேன். அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் ஒழுங்கு என்ற பெயரிலேயே நான் செய்த ஒரு தவறு உண்டு. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது என் மனதில் இருக்கிறது. யாருக்காவது பிரயோஜனமாயிருக்கும் என்ற எண்ணத்தோடு அதை இங்கே அறிக்கையிடுகிறேன்.

என் சொந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இராதாபுரம் பக்கத்திலுள்ள ஒரு சிற்றூர். பம்பாய் என்று அப்போது அழைக்கப்பட்ட மும்பைக்கு 1984-ஆம் ஆண்டு பிழைப்புத் தேடி வந்தேன். தாராவியில் ஒரு தோல் பட்டறையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. ஊர்க்காரர் எட்டுப் பேர் ஓர் அறையில் தங்கியிருந்தோம். அவர்களில் ஒருவர் அழைத்துச்சென்ற வீட்டு ஜெபக்கூட்டத்தில்தான் ஆண்டவர் என்னைச் சந்தித்தார். அன்று பாஸ்டர் ஐயாவின் வீட்டில் முப்பது பேர் கூடிய அந்தச் சபை, 1999-க்குள் நூற்றைம்பது பேரைத் தாண்டியது. சயானில் ஒரு பள்ளிக்கூடத்தின் இரண்டாம் மாடி மண்டபத்தை ஞாயிறுதோறும் வாடகைக்கு எடுத்து ஆராதித்துவந்தோம்.

எண்ணிக்கை பெருகியதுபோலவே ஒழுங்கீனமும் பெருகியது. செருப்புகள் படிக்கட்டு முழுவதும் சிதறிக்கிடக்கும். ஊர்ச் செய்தியும் ரேஷன் கார்டுப் பேச்சும் பின்வரிசையில் ஓயாது. பிள்ளைகள் பாய்களுக்கு நடுவே ஓடிப் பிடித்து விளையாடுவார்கள். சாட்சி சொல்ல எழுந்த ஒருவர் தம் மைத்துனரின் நிலவழக்கை இருபத்தைந்து நிமிடம் விவரித்துவிட்டு உட்காருவார். கைப்பேசி புதிதாய் வந்த காலம் அது. எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது ஒருவர் பையிலிருந்து சினிமாப் பாட்டு ஒலிக்கும்.

பாஸ்டர் ஐயா ஒருநாள் என்னை அழைத்து, "பிரதர், இனி வாசலையும் ஒழுங்கையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ளவேண்டும்" என்றார். எனக்கு மிகுந்த சந்தோஷம். துன்மார்க்கருடைய கூடாரத்தில் சுகமாய் வாழ்வதைக்காட்டிலும் தேவனுடைய வீட்டு வாசலில் நிற்பதையே தெரிந்துகொள்வேன் என்ற கருத்து 84-ஆம் சங்கீதத்தில் வருகிறதல்லவா? அது கோராகின் புத்திரரின் சங்கீதம். அவர்கள் கூடாரத்தின் வாசலைக் காத்த வம்சத்தார் என்று 1 நாளாகமம் 9-ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்தப் பரம்பரையில் எனக்கும் ஓர் இடம் கிடைத்ததாகவே எண்ணிக்கொண்டேன்.

ஊக்கமாய் வேலை செய்தேன். செருப்பு வைக்கப் பலகைகள் அடித்தேன். கைப்பேசியை அணைத்துவிட்டு உள்ளே வரும்படி வாசலில் எழுதி ஒட்டினேன். சாட்சிக்கு மூன்று நிமிடம் என்று வரையறுத்தோம். தாமதமாக வருபவர்களுக்கும் ஒரு சட்டம் உண்டானது. ஆராதனை காலை 9 மணிக்குத் தொடங்கும். பாடல்வேளை முடிந்த பிறகு வருகிறவர்கள் சாட்சிவேளை முடியும்வரை படிக்கட்டில் காத்திருக்கவேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு கர்த்தருடைய பந்தி. அன்று 9.45-க்குக் கதவை அடைத்துவிடுவேன். பந்தி முடியும்வரை எவருக்கும் திறப்பதில்லை. அவசரமாக ஓடிவந்து, மனதை ஆயத்தப்படுத்தாமல் அப்பத்தை எடுப்பது அபாத்திரமாய்ப் பங்குபெறுவதாகும் என்று காரணம் சொன்னேன். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஊழியர்கள், "உங்கள் சபையைப்போல ஒழுங்கான சபையை நாங்கள் கண்டதில்லை" என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது.

படிக்கட்டில் கண்டது

அந்நாட்களில் எங்கள் சபைக்கு ஒரு சகோதரி வந்துகொண்டிருந்தார்கள். விழுப்புரம் பக்கத்திலிருந்து கணவரோடு மும்பைக்கு வந்தவர்கள். கணவர் கட்டட வேலை செய்பவர், ஆண்டவரை அறியாதவர். மான்கூர்டில் ஒரு குடிசையில் வாசம். செம்பூரில் இரண்டு வீடுகளில் அந்தச் சகோதரி பாத்திரம் துலக்கி, பெருக்கித் துடைத்து, துணி துவைத்துக் கொடுத்துவந்தார்கள். நம்மில் பலருக்கு ஞாயிறு விடுமுறை. வீட்டுவேலை செய்பவர்களுக்கோ அதுதான் வேலை மிகுந்த நாள். வீட்டார் எல்லாரும் வீட்டிலிருப்பார்கள், விருந்தினர் வருவார்கள், பாத்திரம் இரட்டிப்பாகும். சகோதரி வேலையை முடிக்கும்போது 9.30 ஆகிவிடும். செம்பூரில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்கி ஓடிவந்து, இரண்டு மாடி ஏறினால் மணி 10.15.

முதல்முறை தாமதமாக வந்தபோது மெதுவாகக் கதவைத் தட்டினார்கள். நான் சற்றே திறந்து, உதட்டின்மேல் விரலை வைத்து, படிக்கட்டைக் காட்டினேன். தலையசைத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவர்கள் தட்டியதே இல்லை. கதவு திறக்கும் நேரத்தில் உள்ளே வந்து, கடைசிப் பாயின் ஓரத்தில் உட்காருவார்கள். நானும் அவர்களைப் பற்றி யோசிக்கவில்லை.

2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தின் முதல் ஞாயிறு. நல்ல மழை. உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது, அப்பம் பரிமாறியாகிவிட்டது. படிக்கட்டு ஜன்னல் வழியாகச் சாரல் அடித்துக் கதவுக்குக் கீழே தண்ணீர் வருவதைக் கண்டு, ஜன்னலை மூட வெளியே வந்தேன். திருப்பத்தில் அந்தச் சகோதரி நின்றுகொண்டிருந்தார்கள். சேலை நனைந்திருந்தது. முக்காடிட்டு, தலைகுனிந்து, கைகளைக் கூப்பி நின்றார்கள். உள்ளே பாஸ்டர் ஐயா பாத்திரத்திற்காக ஸ்தோத்திரம் செலுத்திக்கொண்டிருந்தார். வெளியே சகோதரியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"எத்தனை மாதமாக இப்படி நிற்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"ஈஸ்டர் கழிஞ்சதுலேர்ந்து ஐயா. முன்னே ஒரு வீடுதான். இப்போ ரெண்டு வீடு."

மே, ஜூன், ஜூலை, ஆகஸ்டு. நான்கு பந்திகள்.

"கீழே போய் உட்கார்ந்திருந்து, பிறகு ஏறி வரலாமே?"

"கீழே போனா ரோட்டுல நிக்கிற மாதிரி இருக்கும் ஐயா. இங்கே நின்னா சபையில நிக்கிற மாதிரி இருக்கு. பாஸ்டர் ஐயா ஜெபிக்கிறது நல்லாக் கேக்குது. நானும் ஆமென் சொல்லிக்குவேன்."

பிரியமானவர்களே, அப்போதாவது நான் அவர்களை உள்ளே அழைத்திருக்கவேண்டும். நான் அழைக்கவில்லை. ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் நாளைக்குப் பத்துப் பேர் கேட்பார்களே என்று எண்ணினேன். ஜன்னலை மூடினேன். உள்ளே வந்து கதவை அடைத்தேன். பாத்திரம் என்னிடம் வந்தது. நான் குடித்தேன்.

மான்கூர்டில் ஓர் இரவு

அடுத்த மாதம் அந்தச் சகோதரி வரவில்லை. அக்டோபரிலும் வரவில்லை. என் மனைவிதான் முதலில் கேட்டாள்: "அந்தக் கடைசிப் பாய்ச் சகோதரியைக் காணோமே?" அப்போதுதான் நடந்ததை அவளிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நாம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்" என்றாள். பாஸ்டரம்மாவிடம் விலாசம் கேட்டுக்கொண்டு, நவம்பரில் ஒரு ஞாயிறு இரவு இருவரும் மான்கூர்டுக்குப் போனோம்.

குடிசையில் ஐந்தாறு பெண்கள் கூடியிருந்தார்கள். எல்லாரும் வீட்டுவேலை செய்பவர்கள். ஞாயிறு இரவு 8 மணிக்குச் சேர்ந்து ஜெபிப்பது அவர்கள் வழக்கமாகியிருந்தது. சகோதரி எங்களைக் கண்டதும் முகமலர்ந்து, "எங்க சபை ஐயா வந்திருக்காங்க" என்று மற்றவர்களிடம் சொன்னார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மணி எட்டரை ஆகியும் ஜெபம் தொடங்கவில்லை. காரணம் கேட்டேன். "இன்னும் ஒரு அக்கா வரணும் ஐயா. அவங்க வேலை செய்யிற வீட்டுல இன்னிக்கு விருந்து" என்றார்கள். பக்கத்துக் குடிசையில் இரவுவேலைக்குப் போகவேண்டிய ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தபடியால், தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டு காத்திருந்தார்கள். எட்டேமுக்காலுக்கு அந்த அக்கா வந்தார்கள். ஒருவர் கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார். இன்னொருவர் தம் பாயில் இடம் விட்டார். அதன்பிறகே ஜெபம் தொடங்கியது. ஒருவர் ஜெபிக்க, மற்றவர்கள் கேட்டு ஆமென் சொன்னார்கள். ஒருவர் முடிக்குமுன் அடுத்தவர் தொடங்கவில்லை. அங்கே வாசற்காவலன் இல்லை, அறிவிப்புப் பலகை இல்லை. நான்கு ஆண்டுகளாக நான் எங்கள் சபையில் உண்டாக்க முயன்ற ஒழுங்கு அங்கே இருந்தது.

கூட்டம் முடிந்ததும், "அம்மா, என்னை மன்னித்துவிடுங்கள். அன்று நான் கதவைத் திறந்திருக்கவேண்டும்" என்றேன்.

சகோதரி திகைத்துப்போனார்கள். "ஐயையோ, என்னங்க ஐயா! நீங்க உங்க வேலையைத்தானே செஞ்சீங்க? நான் வேலை செய்யிற வீட்டு அம்மாகூட, நேரத்துக்குப் போகலேன்னா கதவைத் திறக்கமாட்டாங்க" என்றார்கள்.

குத்திக்காட்டும் எண்ணம் அவர்களுக்குத் துளியும் இல்லை. எனக்கு ஆறுதலாகவே சொன்னார்கள். ஆனால் வேலைக்காரியை வாசலில் நிறுத்தும் வீட்டுக்கும் தேவனுடைய வீட்டுக்கும் அந்தச் சகோதரி ஒரு வித்தியாசமும் காணாதபடி நான் செய்துவிட்டேன் என்பதை அன்று அறிந்தேன். அவர்கள் எங்கள் சபைக்குத் திரும்பி வரவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு, தங்கள் வீட்டருகே மாலையில் கூடும் ஒரு சிறிய சபையில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

கொரிந்துவில் நடந்தது என்ன?

அந்த இரவுக்குப் பிறகு கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபத்தைப் புதிதாய் வாசித்தேன். 14-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை நான் மனப்பாடமாய் அறிவேன். சபையில் எல்லாம் சீராகவும் முறையாகவும் நடக்கவேண்டும் என்ற அந்தக் கட்டளையைக் காட்டித்தான் நான் எல்லாச் சட்டங்களையும் போட்டேன். ஆனால் அதற்கு முன்னால் இருக்கும் 11-ஆம் அதிகாரத்தின் முடிவை நான் கவனிக்கவில்லை. கர்த்தருடைய பந்தியைப் பற்றிப் பவுல் கொடுக்கும் ஒழுங்குமுறை என்ன? போஜனம்பண்ணக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதே. கதவை அடையுங்கள் என்றல்ல.

கொரிந்து பட்டணம் நம்முடைய மும்பையைப் போன்றது. இடிந்துகிடந்த அந்தப் பட்டணத்தைக் கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் மறுபடியும் குடியேற்றினார். அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானவர்களும் பிழைப்புத் தேடி வந்தவர்களும் அங்கே குடியேறினார்கள். இருபுறமும் துறைமுகங்கள், ஓயாத சுமைகள், பல பாஷைகள். சபையிலும் பிரபுக்கள் அநேகரில்லை என்று பவுலே முதல் அதிகாரத்தில் எழுதுகிறார். வசதியுள்ளவர்கள் நேரத்தோடு வந்து, தங்கள் போஜனத்தை முந்திச் சாப்பிட்டுவிட்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு நின்று வெட்கப்பட்டார்கள். வேலை முடிந்தே வரக்கூடிய அடிமைகளும் கூலியாட்களும் அவர்களில் இருந்திருப்பார்கள் என்று வேத அறிஞர் பலர் கருதுகிறார்கள்.

அக்காலத்தில் ஞாயிறு விடுமுறை கிடையாது என்பதையும் நினைத்துப்பாருங்கள். பட்டணத்தார் ஞாயிறன்று ஓய்ந்திருக்கவேண்டும் என்று ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் சட்டம் இயற்றியது கி.பி. 321-இல்தான். அதற்கு முன் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள், விசுவாசிகள் வேலைக்கு முன்போ பின்போதான் கூடியிருக்கவேண்டும். கி.பி. 112-ஐ ஒட்டிப் பித்தினியா நாட்டை ஆண்ட பிளினி என்ற அதிகாரி, கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள் என்று பேரரசனுக்கு எழுதினான். அவன் வதைத்து விசாரித்தவர்களில் இருவர், சபையில் ஊழியக்காரிகள் என்று அழைக்கப்பட்ட அடிமைப் பெண்கள். நம்முடைய ஆராதனையின் வேர், பிறர் வீட்டில் வேலை செய்த அப்படிப்பட்ட பெண்களிடத்தில் இருக்கிறது.

அபாத்திரமாய்ப் பங்குபெறுதல் என்று பவுல் எச்சரிக்கிற இடமும் இதுவே. இல்லாதவர்களை வெட்கப்படுத்திவிட்டு, தேவனுடைய சபையை அசட்டைபண்ணிவிட்டு அப்பத்தை எடுப்பதை வைத்துத்தான் அந்த எச்சரிக்கை தொடங்குகிறது. அந்த மழைநாளில் அபாத்திரமாய்ப் பங்குபெற்றவர் யார்? ஓடிவந்து படிக்கட்டில் நின்ற சகோதரி அல்ல. கதவை அடைத்துவிட்டுப் பாத்திரத்தில் குடித்த நானே.

சீலோவின் வாசலில் உட்கார்ந்திருந்த ஏலியையும் நினைத்தேன். அன்னாளின் உதடுகள் மாத்திரம் அசைவதைக் கண்டு, அவள் குடித்திருக்கிறாள் என்று அவர் கடிந்துகொண்டார். ஆனால் அவருடைய சொந்தக் குமாரர் பலியின் இறைச்சியைப் பலவந்தமாய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையான அவபக்தி வாசலுக்கு உள்ளே இருந்தது. உண்மையான பக்தியை வாசலில் இருந்தவர் அடையாளம் காணவில்லை. ஏலியிடத்தில் ஒரு நன்மை உண்டு. அன்னாள் தன் மனக்கிலேசத்தைச் சொன்னவுடன் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டு அவளை ஆசீர்வதித்தார். நானோ சகோதரியின் பதிலைக் கேட்டபிறகும் கதவை அடைத்தேன்.

துரோவாவில் ஐத்திகு என்ற வாலிபன் பிரசங்கத்தின் நடுவே தூங்கி, மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்தான். வாரத்தின் முதல்நாள் இரவு அது. பவுல் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. பிரசங்கத்தை நிறுத்தி, கீழே இறங்கிப்போய், அவனை அணைத்துக்கொண்டார். பிறகு மேலே ஏறிவந்து அப்பம் பிட்டார். இறங்கிப்போனதால் அந்த ஆராதனையின் பயபக்தி குறைந்ததென்று யார் சொல்வார்கள்?

சத்தமெல்லாம் குழப்பமல்ல

இதை வாசிக்கிற சிலர், "அப்படியானால் யார் எப்படி வேண்டுமானாலும் நடக்கலாமா?" என்று கேட்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. சிலர், "பெந்தெகொஸ்தே சபையில் ஒழுங்கு பார்ப்பது ஆவியை அவித்துப்போடுவதாகும்" என்பார்கள். அதுவும் சரியல்ல.

நம்முடைய முன்னோர் அக்கினியை அறிந்தவர்கள். 1860-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்ற தமிழ் ஊழியரின் நாட்களில் எழுப்புதல் உண்டாகி, அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் வெளிப்பட்டன. 1905-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பூனாவுக்கு அருகே கேட்காவில் பண்டித ரமாபாய் நடத்திய முக்தி இல்லத்தில் பெண்பிள்ளைகள் ஒருமித்துச் சத்தமிட்டு அழுது ஜெபித்தார்கள். அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் பட்டணத்தின் அசுசா தெருவில் நடந்ததைப் பத்திரிகைகள் கேலி செய்தன. அந்தக் கூட்டங்களை நடத்திய வில்லியம் சீமோரோ, பிரசங்க மேடையாக வைத்திருந்த மரப்பெட்டிக்குள் தலையை மறைத்து ஜெபித்துக்கொண்டிருப்பார் என்று கண்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் போட்ட சத்தம் அவபக்தியல்ல. அதுபோல நாம் அமைதியாக உட்கார்ந்திருப்பதாலேயே அது பக்தியாகிவிடாது.

பவுல் வைக்கும் அளவுகோல் வேறு. சகலமும் பக்திவிருத்திக்கு ஏதுவாயிருக்கிறதா என்று அவர் கேட்கிறார். அந்நிய பாஷையில் பேசுவோர் இருவர், மிஞ்சினால் மூவர். அதுவும் ஒருவர்பின் ஒருவராக. அர்த்தம் சொல்ல ஒருவர் வேண்டும். அர்த்தம் சொல்பவர் இல்லையானால், தனக்கும் தேவனுக்கும் தெரியப் பேசிக்கொள்ளட்டும். தீர்க்கதரிசனத்தை மற்றவர்கள் நிதானிக்கட்டும். உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு வெளிப்பாடு வந்தால் முந்தினவர் நிறுத்திக்கொள்ளட்டும். அந்த அதிகாரத்தில் திரும்பத்திரும்ப வருவது அடுத்தவருக்கு இடம்கொடுத்தல். புதிதாய் உள்ளே வருபவன் நம்மைப் பைத்தியக்காரர் என்று எண்ணுவானே என்றும் பவுல் கவலைப்படுகிறார். ஆவியானவர் தரும் வரத்தை ஆவியானவரே தரும் இச்சையடக்கத்தோடு பயன்படுத்தவேண்டும்.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

மான்கூர்டிலிருந்து திரும்பிய வாரத்தில் பாஸ்டர் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்கலங்கி, "பிரதர், அந்தச் சட்டத்திற்கு நானும் ஆமென் சொன்னேனே" என்றார். அடுத்த ஞாயிறு சபைக்கு முன்பாக அதை அறிக்கையிட்டார்.

கர்த்தருடைய பந்தியை ஆராதனையின் கடைசிப் பகுதிக்கு மாற்றினோம். தாமதமாக வருபவர்கள் ஒரு பாடல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவேளையில் உள்ளே வரலாம். அவர்களுக்காகக் கதவருகே இரண்டு பாய்களைக் காலியாக வைத்தோம். மற்றவர்களைத் தாண்டிப்போகவேண்டிய அவசியம் இல்லை. ஜெபவேளையிலும் வசனம் வாசிக்கும்போதும் மாத்திரம் சற்று நிற்கச்சொல்வோம். கைக்குழந்தை அழுதால் தாயை முறைத்துப் பார்க்காமல், ஒரு மூத்த சகோதரி போய்க் குழந்தையை வாங்கிக்கொள்வார்கள். காலையில் வரவே முடியாதவர்களுக்காக மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை ஒரு வீட்டில் பந்தி நடத்தினோம். முதல் மாலையில் ஒன்பது பேர் வந்தார்கள். அவர்களில் நான்கு பேர், எங்கள் சபையில் அதுவரை ஒருமுறைகூடப் பந்தியில் பங்குபெறாதவர்கள். இத்தனை ஆண்டுகளும் அவர்கள் இல்லாததை நாங்கள் கவனிக்கவே இல்லை.

வெளியில் இருப்பவர்களும் எங்கள் நினைவுக்கு வந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்திற்கு எதிரே ஒரு குடியிருப்பு இருந்தது. அங்கிருந்த ஒரு முதியவர், எங்கள் டிரம்ஸ் சத்தத்தால் ஞாயிறுதோறும் தலைவலி என்று பலமுறை சொல்லியனுப்பியிருந்தார். நாங்கள் அதை உபத்திரவம் என்று எண்ணி, அவருக்காக இன்னும் சத்தமாய் ஜெபித்தோம்! உண்மையில் நாட்டின் சட்டமே இதில் தெளிவாயிருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பதே வரம்பு. அமைதி மண்டலங்களில் அது 50-உம் 40-உம் ஆகும். இரவு 10 முதல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்க விதிகள் பொதுவாக இடங்கொடுப்பதில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு 30-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்த ஒரு வழக்கு, சென்னையிலுள்ள ஒரு பெந்தெகொஸ்தே சபையைப் பற்றியதே. ஒலிபெருக்கியாலும் மேளத்தாலும் பிறர் அமைதியைக் கெடுத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் கற்பிக்கவில்லை என்று நீதிபதிகள் கூறினார்கள். முதியோர், நோயாளிகள், படிக்கும் பிள்ளைகள், குழந்தைகள் ஆகியோரை நினைக்கச்சொன்னார்கள். ஒரு நீதிமன்றம் நமக்கு அதைச் சொல்லவேண்டியதாயிற்றே என்று நான் வெட்கப்பட்டேன். மான்கூர்டுப் பெண்கள், தூங்குகிற பக்கத்து வீட்டுக்காரருக்காகத் தாழ்ந்த குரலில் பாடியதை யாரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை.

ஒலிபெட்டிகளைச் சுவர்ப்பக்கமிருந்து உள்பக்கமாகத் திருப்பி, சத்தத்தைக் குறைத்தோம். அப்போது ஓர் ஆச்சரியம் நடந்தது. சபையார் பாடுவது சபையாருக்கே கேட்டது.

வாசலில் இப்போது ஓர் இளைஞன்

இன்று எனக்கு வயதாகிவிட்டது. முழங்கால் வலியால் பாயில் உட்கார இயலாமல் பின்னால் நாற்காலியில் அமர்கிறேன். வாசலில் ஓர் இளைய சகோதரன் நிற்கிறான். அவனுக்கு வரும் சோதனைகள் வேறு. வேதாகமமே இப்போது கைப்பேசியில் இருப்பதால், அதை அணைக்கச்சொல்ல முடியாது. ஆனால் வசனம் பார்க்கத் திறந்த விரல் வாட்ஸ்அப்புக்கு நழுவுகிறது. ஒருவர் கண்ணீரோடு ஜெபிக்கும்போது, இன்னொருவர் எழுந்துநின்று அதைப் படம்பிடிக்கிறார். பிறருடைய கண்ணீரை அவர்கள் அனுமதியின்றி ஊருக்குக் காட்டுவது அவர்களை வெட்கப்படுத்துவதல்லவா? அதை அன்போடும் கண்டிப்போடும் தடுக்கவேண்டும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். பின்வரிசைப் பேச்சையும், பிரசங்கத்தின் நடுவே நினைத்தபோதெல்லாம் எழுந்துபோவதையும் திருத்தவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். அருகில் இருப்பவர் ஆண்டவரோடு பேச வந்திருக்கிறார். அவருக்கு இடையூறு செய்ய நமக்கு உரிமையில்லை.

இதோடு இன்னொரு காரியத்தையும் அவனுக்குக் கற்றுக்கொடுத்தேன். ஆராதனை தொடங்கி ஒருமணி நேரம் கழிந்ததும் அவன் ஒருமுறை கதவைத் திறந்து, இரண்டு மாடிப் படிக்கட்டையும் இறங்கிப் பார்த்துவிட்டு வரவேண்டும். சபையில் சிலர் ஏன் என்று கேட்டார்கள். யாராவது நிற்கிறார்களா என்று பார்க்கத்தான் என்றேன்.

பெரும்பாலும் ஒருவரும் இருப்பதில்லை. போன மாதம் முதல் ஞாயிறு, அவன் போய் ஒரு முதியவரைக் கைபிடித்து அழைத்துவந்தான். இரவுக் காவல் வேலை முடிந்து, சீருடையோடே வந்தவர். ஆடை அழுக்காயிருக்கிறதே, உள்ளே வரலாமோ கூடாதோ என்று முதல் மாடியிலேயே நின்றுவிட்டாராம். பந்திக்கு இன்னும் நேரம் இருந்தது. காலியாயிருந்த பாயில் அவரை உட்காரவைத்துவிட்டு, அவன் மறுபடியும் வாசலுக்குப் போனான்.

இதை வாசிக்கிற அன்பானவர்களே, உங்கள் சபையிலும் ஒழுங்குகள் இருக்கும், இருக்கவும் வேண்டும். அவற்றில் ஒவ்வொன்றையும் ஆண்டவருடைய சமுகத்தில் வைத்து, இதனால் யார் படிக்கட்டில் நிற்கிறார்கள் என்று ஒருமுறை விசாரித்துப்பாருங்கள். சமாதானத்தின் தேவன் நம் கூடிவருதல்களைப் பயபக்தியாலும் அன்பாலும் நிரப்புவாராக. அந்த மழைநாளில் நான் அடைத்த கதவையும், கர்த்தர் தம்முடைய இரக்கத்தால் எனக்கு மன்னிப்பாராக. ஆமென்.